முதலில் ஏடு, பின்னரே திரை

“தொடர் வந்துவிட்டது, இனி நூல் எதற்கு?” என்னும் வினா இன்று படித்தவர் நடுவிலேயே கூச்சமின்றி எழுப்பப்படுகின்றது. பல பாகங்களாய் விரிந்த மாயக்கதை நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைக்காட்சித் தொடர்களாகி உலகெங்கும் விலைபோகும் காலம் இது. தொடரை முதலில் பார்ப்பதா, நூலை முதலில் படிப்பதா என்று கேட்டால், “எதை முன்னே செய்தால் என்ன, கதை ஒன்றுதானே” என்று விடையிறுப்போர் பலர். அவ்விடை சமரசமானது போலத் தோன்றினும் அதனுள் ஒரு பெரும் பொய் பொதிந்து கிடக்கின்றது. நூலில் உள்ள கதையும் திரையில் ஓடும் கதையும் ஒன்றல்ல. நூலை முன்னே படித்தவர் தொடரை எடைபோடும் தகுதியோடு அதன்முன் அமர்கின்றார். தொடரை முன்னே பார்த்தவரோ, எது மாற்றப்பட்டது, எது மறைக்கப்பட்டது, யார் பொருட்டு மறைக்கப்பட்டது என்று வினவும் வாய்ப்பையே இழந்துவிடுகின்றார். ஆதலின் இது பொழுதுபோக்குப் பற்றிய வாதமன்று. வாசகரின் உரிமை பற்றிய வாதம்.

மாயக்கதைகளைப் பற்றி இத்துணை அக்கறை எதற்கு என்று நம் அணியினரே சிலர் கேட்கக்கூடும். மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் உலாவும் கதைகள் மக்களை வாழ்க்கையினின்றும் தப்பியோடச் செய்வன அல்லவா என்பது அவர்தம் ஐயம். அவ்வாறு தப்பியோடச் செய்யும் நூல்கள் மலிந்து கிடக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இவ்வகையில் தலைசிறந்த ஆசிரியர்கள் மந்திரத்தை ஒரு சாட்டாகக் கொண்டு நிறவெறியையும் போரையும் அதிகாரத்தையும் பற்றியே பேசியிருக்கின்றனர். அவர்கள் பேசிய அப்பகுதிகளே திரைக்கு வரும்போது முதலில் வெட்டுண்டு போகின்றன. நம் அக்கறைக்குக் காரணம் இதுவே.

ஊர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் ஏர்த்சீ நாவல்களை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் ஆதிக்குடிகளை ஆராய்ந்த மானிடவியலாளர் அல்ஃபிரட் குரோபரின் மகள் அவர். முதல் நாவலாகிய ‘ஏர்த்சீயின் மந்திரவாதி’ 1968ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே ஆண்டில்தான். ‘அட்டுவான் கல்லறைகள்’ 1971இலும், அதையடுத்த பாகம் 1972இலும் வந்தன. 2001 வரையில் அவ்வுலகைப் பற்றி அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இந்நாவல்களின் நாயகனாகிய கெட் என்பவன் வெள்ளையன் அல்லன். அவனது மேனி செம்மண் கலந்த மாநிறம். அவனுடைய உயிர்த்தோழன் வெச் கருநிறத்தான். அவர்கள் வாழும் தீவுக்கூட்டத்தின் மக்களுட் பெரும்பாலார் இத்தகையோரே. வெள்ளைத் தோலும் மஞ்சட் கூந்தலும் உடைய கார்க் இனத்தவர், முதல் அத்தியாயத்திலேயே கெட்டின் சிற்றூரைத் தாக்கிக் கொள்ளையிட வரும் மூர்க்கராக அறிமுகமாகின்றனர். வெள்ளையரே வீரர், நிறமுடையோர் காட்டுமிராண்டிகள் என்று நூறாண்டுகளாக எழுதப்பட்டு வந்த கதைமரபை ஆசிரியை தலைகீழாகப் புரட்டிவிட்டார்.

அதை அவர் புரட்டிய விதந்தான் நமது வாதத்திற்கு உயிரானது. நாயகனின் நிறத்தை அவர் முதற்பக்கத்திலே பறைசாற்றவில்லை. கதை சில அத்தியாயங்கள் நடந்து, அச்சிறுவனின் அகந்தையிலும் அச்சத்திலும் வாசகர் பங்குகொண்ட பின்னரே, தோழனை வருணிக்கும்போது ஒப்புமையாகப் போகிற போக்கில் அதைக் கூறுகின்றார். வெள்ளை வாசகன் அதுவரை தன்னைப் போன்ற ஒருவனாகவே கெட்டை எண்ணி அவனோடு ஒன்றியிருப்பான். திடீரென்று, தான் புகுந்திருக்கும் உடல் வேறு நிறத்தது என்பதை அவன் உணர்கின்றான். ஒதுங்கிக்கொள்ள அப்பொழுது காலங் கடந்துவிடுகின்றது. தாம் வேண்டுமென்றே இவ்வாறு செய்ததாக லெ குவின் பிற்காலத்தில் விளக்கியுள்ளார். ஆயிரம் மேடைப்பேச்சுக்கள் செய்யவியலாத காரியத்தை ஒரு வாக்கியம் செய்துவிடுகின்றது. எழுத்தாற்றான் இது இயலும்; ஏனெனில் எழுத்து ஒரு முகத்தைக் காட்டாமலே ஒரு மனத்தைக் காட்டவல்லது. திரையோ முதற்காட்சியிலேயே முகத்தைக் காட்டியாக வேண்டும்.

அந்தத் திரை காட்டிய முகம் எது? 2004ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை அலைவரிசை, முதலிரு நாவல்களையும் பிசைந்து இரண்டு இரவுகளில் ஒளிபரப்பியது. கெட் வெள்ளை இளைஞன் ஆனான். முதன்மைப் பாத்திரங்களுள் கறுப்பு நடிகராக டானி குளோவர் ஒருவரே எஞ்சினார். அவருக்குக் கிடைத்தது நாயகனுக்கு அறிவுரை கூறும் முதிய ஆசானின் வேடம். நிறவெறிக்கு எதிராக எழுதப்பட்ட நூல் நிறவெறியின் வழமைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. லெ குவினுக்கு ஆலோசகர் என்னும் பட்டம் இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை. நெறியாளர், ஆசிரியையின் உள்நோக்கம் இன்னதெனத் தாமே விளக்கமுங் கூறத் துணிந்தார். லெ குவின் அதை மறுத்தெழுதினார். ஒளிபரப்பு நிகழ்ந்த அதே மாதத்தில் தமது நூல் வெளுக்கப்பட்டதைக் கண்டித்துப் பகிரங்கமாகக் கட்டுரை வெளியிட்டார். நூலின் அட்டைகளிலேயே கெட்டை வெள்ளையனாகத் தீட்டிய ஓவியர்களோடும் பதிப்பாளரோடும் அதற்கு முன்னரே பல்லாண்டுகள் போராடியவர் அவர்.

இன்னொரு திருத்தத்தையும் கவனித்தல் வேண்டும். ஏர்த்சீயில் ஒவ்வொரு பொருளுக்கும் மெய்ப்பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவனுக்கு அப்பொருளின்மீது ஆட்சி உண்டு. ஆதலால் மனிதர் தம் மெய்ப்பெயரை நம்பிக்கைக்குரியோர்க்கன்றி வெளியிடார். ஊரார் அவனை ‘வல்லூறு’ என்று அழைப்பர். கெட் என்பது அவன் காத்துவைத்த மெய்ப்பெயர். ஒளிபரப்பில் இவ்விரண்டும் இடம்மாறின. அழைப்புப்பெயர் மெய்ப்பெயராயிற்று, மெய்ப்பெயர் தெருவில் எல்லாரும் கூவும் பெயராயிற்று. நூலின் அச்சாணியே இதுவென்பதைப் படமெடுத்தோர் உணரவில்லை, அல்லது பொருட்படுத்தவில்லை. அத்தொடரை முதலில் கண்ட ஒருவர், நாயகனின் நிறத்தையும் பெயரையும் பொய்யாகவே கற்றுக்கொண்டு செல்கின்றார். பிறகு நூலைத் திறந்தால், ஆசிரியை ஒப்புமையாகச் சொன்ன அவ்வொரு வாக்கியம் அவரை அதிரச்செய்வதில்லை. ‘படத்தில் வேறுவிதமாக இருந்ததே’ என்னும் சிறு குழப்பமாக அது தேய்ந்துவிடுகின்றது. பின்னர் எத்தனை முறை படித்தாலும் இழந்த அந்த முதல் அதிர்ச்சி மீள்வதில்லை.

இது சிறிய அலைவரிசையொன்றின் அலங்கோலம். பணமும் திறமையும் உள்ளோர் செய்தால் இவ்வாறு நேராது என்று வாதிப்போர் உளர். அவர்கள் காட்டும் சான்று ‘கேம் ஒவ் த்ரோன்ஸ்’. எச்.பி.ஓ. நிறுவனம் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக, 73 அத்தியாயங்களாக ஒளிபரப்பிய இத்தொடர், ஜோர்ஜ் மார்ட்டின் எழுதிய நாவல் வரிசையினின்றும் உருவானது. அதன் முதல் நூல் 1996இலும் ஐந்தாம் நூல் 2011இலும் வந்தன. நடிப்பும் ஒளிப்பதிவும் உயர்தரமானவை என்பதில் நமக்கு மாறுபாடில்லை. நூலிலே பதின்மூன்று வயதுச் சிறுமியாக மணமுடித்துக் கொடுக்கப்படும் டெனேரிஸின் வயதைத் திரையில் கூட்டியமை போன்ற மாற்றங்கள் நியாயமானவை என்றும் ஒப்புக்கொள்கின்றோம். எனினும் அங்கே காணாமற் போனோர் யார்?

மார்ட்டின் வியட்நாம் போரில் ஆயுதமேந்த மனச்சாட்சியின் பேரில் மறுத்தவர். 1980களில் தொலைக்காட்சிக்கு எழுதி, அதன் செலவுக் கணக்குகள் தம் கற்பனையைக் குறுக்குவது கண்டு சலித்தே, படமாக்கவியலாத அளவுக்குப் பெரிய கதையொன்றை எழுத அமர்ந்தார். 2005இல் வந்த நான்காம் நூலில், போர் ஓய்ந்த ஆற்றுப்படுகைகளின் ஊடாகப் பிரியென் என்னும் பெண் நடந்து செல்கின்றாள். எரிந்த கிராமங்களும் மரங்களில் தொங்கும் பிணங்களுமே அவள் வழித்துணை. அங்கே மெரிபால்ட் என்னும் வெறுங்கால் துறவி, ‘உடைந்த மனிதர்’ யாவர் என்பதை விளக்குகின்றார். தம் ஊரெல்லையைத் தாண்டியறியாத உழவர் பிரபுவின் கட்டளைப்படி யாருடையதென்று அறியாத சண்டைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பசியாலும் நோயாலும் அச்சத்தாலும் நொறுங்கி, ஒருநாள் அணியை விட்டோடிக் காட்டில் கள்வராகின்றனர். அவர்களைக் கண்டு அஞ்சுக, ஆயினும் இரங்குக என்பதே அவர் சொல்லுவதன் சாரம். சிறுவனாகத் தாமும் போருக்குச் சென்று உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவர் அத்துறவி. அரியணைக்காக நடக்கும் பிரபுக்களின் சண்டை உழுகின்றவனின் உடலில் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை அவ்வரிசையில் இதைவிடத் தெளிவாகக் கூறும் இடம் வேறில்லை.

தொலைக்காட்சியில் இவ்வுரை இல்லை. 2016இல் ஆறாம் பருவத்தின் ஏழாம் அத்தியாயத்துக்கு ‘உடைந்த மனிதன்’ என்று பெயரிட்டனர். மெரிபால்ட்டின் சாயலுள்ள ஒரு போதகர் அதில் தோன்றித் தம் சொந்தப் பாவத்தைப் பற்றிப் பேசி, அதே அத்தியாயத்திலேயே தூக்கிலிடப்பட்டார். தலைப்பை உற்றுநோக்குக. நூலில் ‘மனிதர்’, திரையில் ‘மனிதன்’. ஒரு வர்க்கத்தின் அவலம் ஒற்றைப் போர்வீரனின் மனமாற்றமாகச் சுருங்கியது. அவ்வீரனும் பார்வையாளர் முன்னரே அறிந்து விரும்பிய பாத்திரமே.

சிட்டுக்குருவிகள் என்று தம்மை அழைத்துக்கொண்ட ஏழைகளின் இயக்கத்துக்கும் இதே கதி நேர்ந்தது. போரிற் கொல்லப்பட்ட துறவியரின் எலும்புகளைச் சுமந்து வந்து தலைநகரின் கோயில் முன்றிலில் குவித்து நீதி கேட்பவராக நூல் அவர்களைக் காட்டுகின்றது. தொடரிலும் அவர்தம் தலைவர் ஏழைகட்குக் கஞ்சி வார்க்கின்றார். ஆனால் அவ்வியக்கம் எந்தச் சாம்பலினின்றும் எழுந்ததென்பது அங்கே காட்டப்படவில்லை. விடுதிகளில் புகுந்து ஒழுக்கங் காக்கும் வெறியராகவே அவர்கள் பார்ப்போர் நெஞ்சிற் பதிந்தனர். காரணம் மறைக்கப்பட்ட கலகம் வெறியாகவன்றி வேறெவ்வாறு தோன்றும்?

இறுதிப் பருவம் 2019இல் ஏமாற்றமளித்தபோது, அதைத் திரும்பவும் எடுத்துத் தருமாறு கோரும் விண்ணப்பத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். விற்ற பண்டம் பழுதென்று கடைக்காரனிடம் திரும்பிச் செல்லும் நுகர்வோரின் குரல் அது. முடிவு கெட்டதை அவர்கள் உணர்ந்தனர். முடிவு கண்முன்னே கெட்டது. ஆனால் உடைந்த மனிதரைத் தமக்குக் காட்டுமாறு அவர்களிற் பெரும்பாலார் எங்ஙனம் கேட்டிருக்க முடியும்? அவர்கள் இருந்ததையே அறியாதவர் இழப்பை எப்படி அறிவார்?

இனி மறுதரப்பின் வாதங்களை நோக்குவோம். நூலை முதலில் படித்தால் தொடரின் வியப்புக் கெட்டுவிடும் என்பது முதல் வாதம். வியப்பு ஒருமுறைதான் கிடைக்கும் என்பது மெய்யே. ஆகவேதான் அதை யாரிடம் பெறுவது என்பதில் விழிப்பு வேண்டுமென்கின்றோம். மார்ட்டினின் முதல் நூலில் எடார்ட் ஸ்டார்க்கின் உள்ளத்தினூடாகவே மிகுதியான அத்தியாயங்கள் நடக்கின்றன. கதையின் தூணென்று நாம் சாய்ந்திருக்கும் அம்மனிதன் வெட்டுண்ணும் வேளையில், கூட்டத்தில் நிற்கும் அவன் இளமகளின் பார்வைக்குள் நம்மை நிறுத்தி, அவள் முகத்தையும் ஒருவர் கையால் மறைக்கச் செய்கின்றார் ஆசிரியர். வாள் வீழ்வதை நாம் காண்பதில்லை. 2011இல் ஒன்பதாம் அத்தியாயத்தில் திரை தந்த அதிர்ச்சி, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஏடு ஆக்கிவைத்தது. ஆக்கியவரிடம் பெறுவதா, அதை வாங்கி விற்றவரிடம் பெறுவதா?

தொடர் பலரை நூலின்பால் ஈர்க்கின்றதே என்பது இரண்டாம் வாதம். ஈர்க்கின்றது; அதனை வரவேற்கின்றோம். திரை வழியாக வந்து ஏட்டில் நிலைத்த ஒருவரை நாம் பழிக்கப்போவதில்லை. ஆயினும் அவர் வரும்போதே நடிகரின் முகங்களையும் கூடவே சுமந்து வருகின்றார் என்பதை மறுத்தல் கூடுமா? நூலில் டிரியன் லனிஸ்டர் ஒரு போரில் மூக்கின் பெரும்பகுதியை இழந்து பார்ப்போர் முகஞ்சுளிக்கும் உருவினனாகின்றான். திரையில் அவனுக்கு வாய்த்தது ஒரு தழும்பு மாத்திரமே. தொடரைக் கண்டு நூலுக்கு வந்தவர், ஆசிரியர் எத்தனை முறை நினைவூட்டினும் அந்தச் சிதைந்த முகத்தைக் காண்பதற்கு நடிகரின் முகத்தோடு போராடியே ஆகவேண்டும்.

திரையும் ஒரு கலையே, அதற்குத் தன்னுரிமை உண்டென்பது மூன்றாம் வாதம். உண்டு. பிலிப் புல்மன் 1995 முதல் 2000 வரை வெளியிட்ட ‘ஹிஸ் டார்க் மெற்றீரியல்ஸ்’ மூன்று நாவல்களும் மதபீடத்தின் கொடுங்கோன்மையை நேர்நின்று தாக்குவன. 2007இல் வந்த திரைப்படம் அத்தாக்குதலை மழுக்கி, முதல் நூலின் இறுதி அத்தியாயங்களையுங் கத்தரித்தது. 2019 தொடக்கம் 2022 வரை பீ.பீ.சீ.யும் எச்.பி.ஓ.வும் அளித்த தொடரோ மூன்று நூல்களையும் முழுமையாகக் கொணர்ந்து, அவ்விமர்சனத்திற்கு அஞ்சாது முகங்கொடுத்தது. அதை மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் ஒன்று கோழைத்தனம், மற்றது நேர்மை என்று எந்த அளவுகோல் கொண்டு அளந்தோம்? நூலைக் கொண்டே அளந்தோம். நல்ல திரைக்கலைஞனுக்கு நூலறிந்த பார்வையாளனே உற்ற நண்பன். அவன் துணிவை வேறு யார் கண்டுகொள்வார்?

நேரமும் பணமும் இல்லை என்பதே இறுதி வாதம். உழைத்துக் களைத்தவர் இதைக் கூறும்போது நாம் எள்ளுதற்கில்லை. புத்தகங்களின் விலை சுமை. ஆங்கிலம் எல்லார்க்கும் கைவந்ததுமன்று. இக்குறைகளைக் களைய நூலகங்களும் மொழிபெயர்ப்புக்களும் வேண்டுமென்று கிளர்ச்சி செய்வதே முறை. குறையைக் காட்டிப் படிப்பையே கைவிடச் சொல்வது முறையாகாது. மேலும் கணக்கையும் சற்றே பார்க்கவேண்டும். ‘ஏர்த்சீயின் மந்திரவாதி’ ஏறத்தாழ இருநூறு பக்கங்களே. ஒரு விடுமுறை நாளில் முடியும். எழுபத்து மூன்று அத்தியாயத் தொடருக்கு நேரம் ஒதுக்குவோர் அந்த ஒரு நாளை ஒதுக்கவியலாதென்பது நம்பத்தக்கதன்று.

நேரத்தை யாரை நம்பி ஒப்படைக்கின்றோம் என்பதும் சிந்திக்கத்தக்கது. ரொபேர்ட் ஜோர்டன் 1990இல் தொடங்கிய ‘காலச் சக்கரம்’ பதினான்கு பெரும் பாகங்கள் கொண்டது. 2007இல் அவர் காலமானபோது கதை முற்றுப்பெற்றிருக்கவில்லை. அவர் விட்டுச் சென்ற குறிப்புக்களைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்னும் இளைய எழுத்தாளர் எஞ்சியதை எழுதி 2013இல் நிறைவுசெய்தார். அமேசான் நிறுவனம் 2021இல் அதைத் தொடராக்கி, மூன்று பருவங்கள் சென்றதும் 2025இல் கைவிட்டது. எழுத்துலகில் ஆசிரியரின் மரணங்கூடக் கதையை நிறுத்தவில்லை. வர்த்தக உலகில் இலாபக் கணக்கொன்று நடுவழியிலே நிறுத்திவிட்டது. திரையை மட்டுமே நம்பியோர் அந்தரத்தில் நிற்க, நூலைக் கையிலெடுத்தோர் கரைசேர்ந்தனர்.

எனவே நமது நிலைப்பாடு இது. தொடரைப் பார்க்கவே கூடாதென்று நாம் தடைவிதிக்கவில்லை. வரிசை முழுவதையும் முடித்த பின்னரே பார்க்கவேண்டுமென்று அடம்பிடிக்கவும் இல்லை. முதல் நூலையேனும் முன்னே படித்துவிட்டுத் திரையின் முன் அமர்க என்கின்றோம். அந்த ஒரு நூல் போதும், பார்ப்பவருக்கு ஒரு துலாக்கோல் கிடைத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு காட்சியிலும் அவர் வினவுவார்: இம்மனிதனின் நிறம் எங்கே போயிற்று? இவ்வுழவனின் குரலை யார் அடக்கினர்? இம்மாற்றத்தால் ஆதாயம் யாருக்கு?

இவ்வாறு வினவும் பார்வையாளரைக் கண்டே படவர்த்தகர் அஞ்சுவர். எழுத்தாளர் கண்டித்தும் அடங்காத நிறுவனங்கள், வினவுவோர் பெருகினால் அடங்கும். பெயரை மாற்றி வைத்தாலும் அறிந்துகொள்வோர் இருக்கின்றனர், முகத்தை வெளுத்தாலும் இனங்கண்டுகொள்வோர் இருக்கின்றனர் என்னும் எண்ணம் அவர்களுக்கு உண்டாக வேண்டும். அதனை உண்டாக்கும் ஆற்றல் வாசகர் கையிலேயே உள்ளது. நூலகத்தின் கதவு திறந்தே இருக்கின்றது. முதலில் அங்கே செல்வோம்.